சிலுவை போட்ட கவர்கள்

அத்தியாயம் 17

“இந்த ரூமுக்குள்ள யாரும் யாருக்கும் லெட்டர் எழுதக் கூடாது. கேக்க வேண்டியதை எழுந்து போய்ப் பக்கத்து டேபிள்ல கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் காயத்ரி முதல் நாளே போட்ட சட்டம் இது. திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் மாடியில், நீளமான கூட்ட அறையில் மூன்று நாளாக அது அமலில் இருக்கிறது. சைபர் கிரைம் போலீஸுக்கு ஒரு மேசை. எட்டு வங்கிகளுக்கும் சேர்த்து இரண்டு மேசை. சிம் கார்டு யார் பெயரில் போயிற்று என்று பார்த்துச் சொல்ல டெலிபோன் துறையிலிருந்து ஒருவர். தொழிலாளர் துறைக்காரர் ஒருவர். ஆந்திரா போலீஸ் மட்டும் நேரில் வர முடியாமல் சுவரில் மாட்டிய டி.வி.யில் வந்து உட்கார்ந்திருந்தது.

சாதாரண நாளில் இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. போலீஸ் வங்கிக்கு எழுதும். வங்கி தன் தலைமை அலுவலகத்துக்கு எழுதும். பதில் வருவதற்குள் பணம் பத்துக் கணக்கைத் தாண்டி, எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாகி வெளியே வந்திருக்கும். திருடனுக்கு ஒரே ஆபீஸ்தான். அதற்கு மதியச் சாப்பாட்டு இடைவேளையும் கிடையாது.

இந்த அறைக்கு நம் ஜெபா வந்து சேர்ந்த கதையைத்தான் போன வாரம் பார்த்தோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டரில் இருக்கிற பெண். பொதட்டூர்பேட்டை தமிழ்செல்வி அம்மாளை, போலீஸ் உடுப்புப் போட்ட ஒருவன் வீடியோ காலில் பதினோரு மணி நேரம் நகர விடாமல் உட்கார வைத்து, நிலம் விற்று வந்த பதினெட்டு லட்சத்தையும் கறந்தான் அல்லவா? அந்தப் பணம் பதினாலு துண்டாகப் போய் விழுந்த பதினாலு கணக்கும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களுடையவை. பதினாலு பேரும் ஜெபாவின் தெருக்காரர்கள், ஒரே சர்ச் சபைக்காரர்கள். “உன் ஊர்ப் பொண்ணுங்கம்மா. நீ கேட்டா வாயத் திறப்பாங்க” என்றுதான் வங்கிகளின் சார்பில் வந்திருக்கும் துளசிராமன் அவளைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது காயத்ரியின் இரண்டாவது சட்டம். அதோடு, அப்பா யேசுதாஸுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தெருப் பெண்கள் போலீஸில் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மனுஷன் தூங்க மாட்டார்.

காலை பத்தரைக்கு ஏஞ்சல் வந்தாள். ஜெபா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். இ.எஸ்.ஐ. கார்டு விஷயம் என்று கம்பெனியில் பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“ஏஞ்சலக்கா, ஏ.டி.எம். கார்டு எங்க?”

“தொலைஞ்சு போச்சு.”

“எங்க தொலைஞ்சுது?”

“வேன்ல வரும்போது எங்கியோ வுழுந்துடுச்சி.”

“சிம்மு?”

“அதுவும் பர்சுலதான் இருந்துச்சி. பர்சோட போச்சு.”

முந்தாநாள் வந்த ஆறு பேரும் இதைத்தான் சொன்னார்கள். நேற்று வந்த ஏழு பேரும் இதைத்தான் சொன்னார்கள். ஏஞ்சல் பதினாலாவது ஆள்.

“பதினாலு பேர் பர்சும் ஒரே வேன்ல விழுந்துச்சா?” என்றாள் காயத்ரி. “அந்த வேனை மியூசியத்துல வைக்கணும்மா.”

ஜெபா குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, யார்கிட்ட குடுத்தன்னு சொல்லிட்டா உன்னை சாட்சியா வெச்சிப்பாங்க. சொல்லலன்னா நீயும் கூட்டுன்னு எழுதிடுவாங்க. ரெண்டு பசங்களை வெச்சிகினு இருக்க நீ.”

ஏஞ்சல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயமும் இல்லை. சாவு வீடு என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே உள்ளே வரும் குழந்தையைப் பார்ப்பதுபோல் பரிதாபமாகப் பார்த்தாள்.

“எழுதினா எழுதிக்கட்டும்டி. நீ கேக்காத. உனுக்கு வேணாம்.”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். “உனுக்கு வேணாம்” என்றால் என்ன அர்த்தம்? ஜெபாவுக்கு விளங்கவில்லை.

விளங்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பதினொன்றரைக்கு ஆந்திரா போலீஸ் டி.வி.யில் தலை காட்டியது. பார்டருக்கு அந்தப் பக்கம், கார்டுகளில் பணம் எடுத்தவன் தங்கியிருந்த ஒரு வாடகை அறையைப் பூட்டை உடைத்துத் திறந்திருக்கிறார்கள். குருவி பறந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி மட்டும் இருந்திருக்கிறது. அதில் இருந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

துளசிராமன் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் போட்டார். வரிசையாகப் பழுப்புக் கவர்கள். மேல் மூலையில் சின்னதாக ஒரு சிலுவை. நடுவில் நீல மையில், அச்சடித்த மாதிரி தமிழில் ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே கணவர் பெயர். அடியில் நாலு இலக்க எண்.

“ஏ.டி.எம். பின் நம்பரைக் கவர் மேலயே எழுதிக் குடுத்திருக்கான் பாருங்க!” என்றார் துளசிராமன். “திருடனுக்கு இவ்வளவு ஒத்தாசை எவன் பண்ணுவான்? 2301, 9101, 4601, 2701... பொறந்த தேதியா? நாப்பத்தாறாம் தேதின்னு ஒண்ணு இல்லையே.”

“கம்பெனி டோக்கன் நம்பரா இருக்கும்” என்றார் தொழிலாளர் துறைக்காரர்.

ஜெபா திரையருகே போய் அந்தக் கவர்களை மறுபடி பார்த்தாள்.

டோக்கன் நம்பர் இல்லை. பைபிளில் சங்கீத வசனத்தின் எண். முதல் இரண்டு இலக்கம் அதிகாரம், அடுத்த இரண்டு வசனம். அதிகம் படிக்காத பெண்களுக்கு நம்பர் மறந்துபோகும், சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிற வசனம் மறக்காது. இந்த யோசனை உலகத்தில் ஒரே ஒரு மனுஷனுக்குத்தான் தோன்றும். ஜெபாவின் முதல் சம்பளக் கார்டுக்கு நம்பர் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். எந்தக் காகிதத்தில் பேனா வைத்தாலும், மூலையில் ஒரு சிலுவை போடாமல் அவர் கை அடுத்த எழுத்துக்குப் போகாது.

யேசுதாஸ் என்ன படித்தவர் என்று கேட்டால் பத்தாவது ஃபெயில். ஆனால் அந்தத் தெருவுக்கு அவர்தான் ரைட்டர், வக்கீல், தாசில்தார் எல்லாம். இருபது வருஷம் மெஷினில் நின்று, இப்போது ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி வேனுக்கு இன்சார்ஜாக இருக்கிறார். ரேஷன் கார்டு, பி.எஃப்., பள்ளிக்கூட ஃபாரம் எதுவானாலும் அவர் கையில் கொடுத்துவிட்டால் தெருவுக்கு அதோடு கவலை விட்டது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். பதினாலு பெண்களும் கார்டைத் திருடன் கையில் கொடுக்கவில்லை. யேசுதாஸண்ணன் கையில் கொடுத்தார்கள்.

அவர் பெயரைச் சொல்வதற்குப் பதில் ஜெயிலுக்குப் போகலாம் என்று பதினாலு பேரும் முடிவு செய்திருக்கிறார்கள். அவருடைய மகளே எதிரில் உட்கார்ந்து “யாருக்குக் கொடுத்தாய்” என்று கேட்டால் அவர்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஜெபா வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, நைனா யாருக்கனா பேங்கு கார்டு சேத்துக் குடுத்தாரா?”

அந்தப் பக்கம் அம்மா சின்னப்பொண்ணு அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“ஏஞ்சலு சொன்னாளா?”

“யாரும் சொல்லல. கவரைப் பாத்தேன். நைனா எழுத்து எனக்குத் தெரியாதா?”

“அந்தப் பார்த்திபன்தான்டி.” சின்னப்பொண்ணுவின் குரல் இறங்கியது. “கான்ட்ராக்டர் ஆளுன்னு சொல்லிகினு வந்தான். பழைய போனஸ் பாக்கி வருது, புது அக்கவுண்டு, புது சிம்மு வோணும், ஆளுக்கு ஆயிரத்தி ஐந்நூறு அட்வான்சுன்னான். சீல் குத்தின லெட்டரு காட்டினான். உங்க நைனாவுக்குத்தான் சீலைப் பாத்தாப் போதுமே. தெருவுக்கு ஒரு நல்லது வருதுன்னு நோட்டும் பேனாவும் எடுத்துகினு ஊடு ஊடாப் போனாரு.”

“உனுக்கு எப்போ தெரியும்?”

“ஏஞ்சலுக்கு போலீசு போன் வந்த அன்னிக்கே தெரியும். நானும் ஊடு ஊடாத்தான் போனேன். ஒவ்வொருத்தி கால்லயும் வுழுந்தேன். அவரு பேரு வாயில வரக் கூடாது, தொலைஞ்சு போச்சின்னு சொல்லுங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நெஞ்சுல கம்பி வெச்சிகினு இருக்கிற மனுசன்டி.”

“நைனாவுக்குத் தெரியுமா?”

“ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம்.”

“இப்ப எங்க அவரு?”

சின்னப்பொண்ணு தயங்கினாள்.

“கம்பெனிகிட்ட. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பார்த்திபன் வரான். இன்னும் இருவத்திரண்டு பேரு கவரு சேத்து வெச்சிகினு இருக்காரு.”

“இன்னும் இருவத்திரண்டா? தெரிஞ்சும் சும்மா இருந்தியாம்மா?”

“நான் இன்னான்னு சொல்லித் தடுக்கிறது? தடுத்தா ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொன்னா அவரு மூச்சு நின்னுடும். அவரு கையால பதினாலு குடும்பம் நாசமாச்சுன்னு அந்த மனுசன்கிட்ட எந்த வாயால சொல்றது?”

“பென்னிகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே. அவன் போய்க் கவரை வாங்கி வெச்சிருப்பான்.”

பென்னி ஜெபாவின் தம்பி. குடோன் ஒன்றில் வேலை. நாலு மாதமாகத்தான் கையில் நாலு காசு பார்க்கிறான்.

“அவன் பேச்சை எடுக்காத” என்றாள் சின்னப்பொண்ணு வெடுக்கென்று. “அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய்கினு இருக்கான். ஜெபா, நீ அங்க ஒண்ணும் சொல்லப் போறது இல்லியே?”

ஜெபா போனை வைத்தாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். அந்தப் பழி அப்பாவின் வெள்ளைச் சட்டை மேல் விழ வேண்டுமா? சும்மா இருந்தால் விழாது. ஏஞ்சலும் மற்றவர்களும் வாயைத் திறக்கப் போவதில்லை. கவரில் கையெழுத்து இருக்கிறதே தவிர ஆள் யாரென்று இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து மணி தாண்டினால் இருபத்திரண்டு கவர் கை மாறிவிடும். பிறகு வேறொரு ஊரில் வேறொரு தமிழ்செல்வி.

தமிழ்செல்வி அம்மாள் கதவோரம்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையே மகன் சைபர் கிரைம் உதவி எண் 1930க்குப் போன் போட்டதால் மூன்று லட்சத்துச் சொச்சம் வழியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அதைத் திரும்ப வாங்கும் மனுவில் கையெழுத்துப் போட வந்திருந்தார். ஜெபா உள்ளே வந்ததும் காகிதத்தை நீட்டினார்.

“பாப்பா, கண்ணாடி எடுத்தாரலை. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிச் சொல்றியா?”

ஜெபா படித்தாள். நிறுத்தி வைக்கப்பட்ட தொகை கோர்ட் உத்தரவுக்குப் பின் கிடைக்கும். மீதித் தொகை கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

“அப்போ மிச்சம் போனது போனதுதான்.”

“தேடறாங்கம்மா.”

“சரி, எங்க கையெழுத்துப் போடணும்?” காட்டிய இடத்தில் அவர் நிதானமாகப் பெயரை எழுதினார். “நாளைக்கும் வரணுமா?”

“வேணாம்மா. உங்க வேலை முடிஞ்சுது.”

“வரேனே” என்றார் தமிழ்செல்வி, கெஞ்சுகிற மாதிரி. “ஊட்ல இருந்தா எங்க ஊட்டுக்காரர் மூஞ்சைப் பாக்கணும். இருவது நாளாச்சு, என்கூடப் பேசி. தட்டு வெச்சா சாப்புடுறாரு. திட்டினாக்கூடத் தாங்கிப்பேன். ஏன்டி அந்தப் போனை எடுத்தன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறாரு.”

ஜெபா எழுந்து, அறையின் அந்தக் கோடியில் இருந்த காயத்ரியின் மேசைக்கு நடந்தாள். இருபது அடி இருக்கும். அவ்வளவு தூரம் அவள் வாழ்நாளில் நடந்ததில்லை.

“மேடம், அந்தக் கவரெல்லாம் எழுதினது எங்கப்பா.”

காயத்ரி பேனாவைக் கீழே வைத்தாள். “உக்காரு” என்றாள்.

ஜெபா எல்லாவற்றையும் சொன்னாள். வசன எண், பார்த்திபன், சீல் குத்திய லெட்டர், அம்மா ஒவ்வொரு வீட்டிலும் காலில் விழுந்தது, ஐந்து மணி. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஒரு குடும்பத்தைக் காட்டிக் கொடுக்க ஐந்து நிமிஷம்தான் ஆகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த அறை வேலை செய்த வேகத்தை நான் எழுதித்தான் ஆக வேண்டும். கவர்ன்மென்ட் என்றாலே கொட்டாவி விடுகிறவர்கள் நாம். தொழிலாளர் துறைக்காரர் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். பார்த்திபனை வேலையை விட்டு நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது என்று பதில் வந்தது; அவன் படமும் போன் நம்பரும் கூடவே வந்தன. டெலிபோன்காரர் எழுந்து வந்து, அவன் நம்பர் இப்போது கவரைப்பேட்டைப் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். துளசிராமன் எட்டு வங்கிக்காரர்களையும் சுற்றி நிற்க வைத்து, ஜெபாவின் தெரு விலாசத்தில் பதினைந்து நாளில் திறந்த கணக்குகளைக் கேட்டார். இருபது கிடைத்தன. இரண்டு அகப்படவில்லை. கிடைத்த இருபதுக்கும் பூட்டுப் போட்டாயிற்று. இனி பணம் உள்ளே வரலாம், வெளியே போகாது.

“ஒரு மாசம் முன்னாடி நாம இப்படி ஒண்ணா உக்காந்திருந்தா, அந்தம்மா பணம் போயிருக்காது” என்றார் துளசிராமன். தமிழ்செல்விக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று மெதுவாகத்தான் சொன்னார்.

காயத்ரி தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

“கவர் கை மாறணும் ஜெபா. அதுக்கு முன்னாடி பிடிச்சா, டீ குடிக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயிடுவான்.”

“அப்போ எங்கப்பா கையாலதான் குடுக்கணுமா?”

“ஆமா.”

“அவரு ஹார்ட் பேஷன்ட் மேடம்.”

“ஆம்புலன்ஸ் பக்கத்துல நிக்கும்.”

“அவரையும் அரெஸ்ட் பண்ணிடுவீங்களா?”

“விசாரிக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. உன்னை சமாதானப்படுத்தறதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். போனை எங்கிட்ட குடுத்துடு. நீயும் வண்டில ஏறு. உங்கப்பாவை நீ அடையாளம் காட்டினா, அவர் மேல என் ஆளுங்க முரட்டுத்தனமாக் கை வைக்க மாட்டாங்க.”

ஊத்துக்கோட்டை வழியாகப் போனார்கள். போலீஸ் வண்டி இல்லை, வாடகைக் கார். காயத்ரியும் ஜெபாவும் பின்னால், மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் டிரைவர் சீட்டில். இன்னொரு கார் பின்னால் வந்தது. வழியில் காயத்ரியின் கைப்பைக்குள் ஜெபாவின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. காயத்ரி எடுத்துப் பார்த்தாள். ‘அம்மா’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நாலாவது தடவைக்குப் பிறகு வரவில்லை. அதுதான் ஜெபாவுக்குத் தாங்கவில்லை.

நாலே முக்காலுக்குத் தொழிற்பேட்டை வாசலுக்கு எதிரே, புளிய மரத்தடியில் கார் நின்றது. ஷிஃப்ட் விடுகிற நேரம். வேன்கள் வரிசை கட்டி நின்றன. டீக்கடை பெஞ்சில் யேசுதாஸ் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் நீலப் பேனா, மடியில் கம்பெனி கொடுத்த கைப்பை. கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பார்த்து, பக்கத்தில் வைத்த பேப்பரில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். ஒன்று கூடக் குறையாமல் கொடுக்க வேண்டும் அவருக்கு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தார். தெருவுக்கு ஒரு நல்ல காரியம் செய்து முடிக்கப் போகிற சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

“வெள்ளைச் சட்டை” என்றாள் ஜெபா.

காயத்ரி கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குத்தம் பண்றவன் இப்படி டிக் அடிச்சிட்டு உக்கார மாட்டான்” என்றாள் கடைசியில். “கோர்ட்டுக்கு இது பத்தாது. எனக்குப் பத்தும்.”

ஜெபாவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அப்பா பிழைத்துவிடுவார். நாலு நாள் அலைச்சல், ஒரு வாக்குமூலம். அம்மா ஒரு மாதம் பேச மாட்டாள். பேசாவிட்டால் போகட்டும், ஏஞ்சலக்கா தலை தப்பும், இருபத்திரண்டு பேர் தலை தப்பும். முதல் முறையாக, தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்து அடித்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பைக் வந்து டீக்கடை எதிரில் நின்றது. பின்னால் இருந்து கட்டம் போட்ட சட்டைக்காரன் இறங்கினான்.

“அதான் பார்த்திபன்” என்றார் முன்சீட்டுப் போலீஸ்காரர், கையில் இருந்த படத்தைப் பார்த்து.

யேசுதாஸ் எழுந்தார். வாய் நிறையச் சிரித்தார். பார்த்திபனைப் பார்த்து இல்லை. அவனைத் தாண்டி நடந்து, பைக்கில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவன் தோளில் கை வைத்தார். என்னவோ கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு கைப்பையை அவன் கையில் கொடுத்தார்.

அவன் அதைத் திறந்து பார்க்கவில்லை. எண்ணவில்லை. வாங்கி, பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, பட்டையை ஹேண்டிலில் மாட்டினான். முதல் தடவை வாங்குகிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான். இது பழகின கை.

“வண்டி ஓட்டறவன் யாரு?” காயத்ரியின் குரல் மாறியது. “நம்ம லிஸ்ட்லயே இல்லையே இவன்.”

வியர்வையைத் துடைக்க அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அம்மா எதற்கு அத்தனை வீட்டுப் படியேறினாள், யாருக்காக அத்தனை கால்களில் விழுந்தாள் என்பது அந்த நொடியில் ஜெபாவுக்கு விளங்கியது. நெஞ்சில் கம்பி வைத்த மனுஷனுக்காக மட்டும் இல்லை.

“ஜெபா, உனக்குத் தெரிஞ்சவனா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த திருப்பத்தில் பார்த்திபனை மட்டும் மடக்குவார்கள். ஓட்டி வந்தவன் லிஃப்ட் கொடுத்தவனாகப் போய்விடுவான். வீட்டில் இரண்டு பேரை ஒரே நாளில் காட்டிக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டம் கேட்கிறது?

“ஜெபா.”

“என் தம்பி மேடம்” என்றாள். “பேரு பென்னி.”

காயத்ரி வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டு போனாள். “மூணு பேரு. பெரியவரை மெதுவா உக்கார வைங்க. மத்த ரெண்டு பேரையும் விடாதீங்க.”

இரண்டு கார்களின் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. பார்த்திபன் பையை எட்டிப் பிடுங்கப் பார்த்தான். முடியாமல் வேன்களுக்கு நடுவே ஓடினான். யேசுதாஸ் சத்தம் கேட்டுத் திரும்பினார். நாலு பேர் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஓடவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. மகனுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.